காற்று போய்ச் சேராத முனை

தம்பி,

நீ சுகமாக இருப்பாய் என்று தெரியும். சுகமில்லாதவனுக்கு அவ்வளவு சத்தமாகக் கதைக்க வராது. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் முக்கால் மணித்தியாலம் நீ கதைத்தாய், நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா ஒத்துக்கொண்டுவிட்டா என்று நினைத்திருப்பாய். வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கும்போதும் நான் ஓம் போட்டுக்கொண்டுதான் கேட்பேன், அதற்காக அந்தச் சாவுகளுக்கு நான் சம்மதம் கொடுத்தேன் என்று அர்த்தமில்லை. அன்றைக்கு வாயில் வராததை இன்றைக்கு எழுதுகிறேன். குரலாகப் பதிந்து அனுப்பினால் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. மணவறைச் சோடனை பற்றி ஏதாவது எழுதியிருப்பேன் என்று நினைத்து வாசிக்கத் தொடங்கியிருந்தால், அதை இந்த இடத்திலேயே விட்டுவிடு.

நீ சொன்னதை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் எழுதுகிறேன், பிழை என்றால் திருத்து. அவுஸ்திரேலியாவில் நீ வேலை செய்யும் சுரங்கத்தில் நிலத்துக்குக் கீழே போகிற காற்றுக்குப் பொறுப்பு நீ. ஒரு பெரிய விசிறி. அதிலிருந்து சீலைத் துணிக் குழாய் ஒன்று கூரையோடு தொங்கிக்கொண்டு, மறுபக்கம் வழியில்லாத சுரங்கப் பாதையின் கடைசிவரை போகிறது. வெடிவைத்துக் கல்லை உடைத்த பிறகு, அங்கே நிற்கிற நச்சுப் புகையை அந்தக் குழாயால் வருகிற காற்றுத்தான் தள்ளி வெளியேற்ற வேண்டும். அரை மணித்தியாலத்தில் புகை போய்விடும் என்பது உன் கணக்கு. மூன்று கிழமைக்கு முன், அரை மணித்தியாலம் பொறுத்து உள்ளே போன ஒருவன் விழுந்துவிட்டான். இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், மூச்சு விடுவதற்கு இயந்திரம் பூட்டியிருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை விசாரணைக்கு நீ அறிக்கை கொடுக்க வேண்டும். போதிய காற்றுப் போனது, அவன்தான் நேரத்துக்கு முன்பே உள்ளே நுழைந்தான் என்று எழுதப்போவதாகச் சொன்னாய்.

"கணக்கு வடிவாய்ச் சரி, அம்மா. விசிறியடியிலை அளந்தனான். குழாய்க்குப் புத்தகத்திலை இருக்கிற எண்ணைப் போட்டனான். அங்காலை எவ்வளவு காத்து வரும் எண்டு தானாய் வருது. உவங்கள் கொந்தராத்துக்காரன் கூலிக்குப் பிடிச்ச ஆக்கள், சொல்லுக் கேக்கமாட்டாங்கள்."

"குழாயைப் போய்ப் பாத்தனியோ?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமாய் அந்தப் பக்கம் போகேல்லை. கிழிஞ்சு, தொங்கி, ஒட்டுப்போட்டு ஒரு கோலமாய்க் கிடக்குதாம். ஆனா அதை ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள் யோசியாதேங்கோ அம்மா. பிள்ளையாருக்கு ஒரு அருச்சனை செய்துவிடுங்கோ, எல்லாம் சரிவரும்."

அருச்சனை செய்யவில்லை. ஐயரிடம் என்னவென்று சொல்லிக் கேட்பது? இன்ன நட்சத்திரத்தில் பிறந்த என் மகன் புதுக் குழாய்க்குரிய எண்ணைக் கிழிந்த குழாய்க்குப் போட்டிருக்கிறான், அது பிடிபடாமல் இருக்கப் பிள்ளையார் அருள்புரிய வேண்டும் என்றா? பிள்ளையாரை நீ உன் அலுவலகத்துப் பியோன் என்று நினைத்துவிட்டாய். அந்த அலுவலகத்தின் படத்தையும் போன வருஷம் எனக்கு அனுப்பினாய். மூன்று திரை, சுழல் கதிரை, தலைக்கு மேலே குளிரூட்டி. நிலத்துக்குக் கீழே நிற்கிறவனின் மூச்சுக்குப் பொறுப்பான ஆள், கதவைச் சாத்திக்கொண்டு குளிரூட்டிக்குக் கீழே இருக்கிறான். நானும் அந்தப் படத்தை ஊரெல்லாம் காட்டிப் புளுகித் திரிந்தேன். இப்போது நினைக்க என் முகத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

உனக்கு இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை. நல்லவள் என்பதால் இல்லை. நீ செய்யப்போகிற கேவலத்தை உனக்கு முன்பே, உன் கண் முன்னாலேயே, நான் செய்துவிட்டேன். ஏதோ பெரிய நிபுணத்துவம் என்று நினைத்துக்கொண்டு நீ செய்வது உன் தாயின் பழைய பம்மாத்துத்தான். அதைக்கூட உனக்குச் சொந்தமாகக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

அப்பா கிணறு துப்புரவு செய்த காலம் உனக்கு நினைவிருக்கும். வலிகாமம் வடக்கில் சண்டையால் இருபது வருஷத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்த வளவுகளுக்குச் சனம் திரும்பிப் போகத் தொடங்கியிருந்தது. கிணறெல்லாம் இடிந்த சுவரும் மரவேரும் அழுகின குப்பையும். அந்தக் கிணறுகளுக்குள் நின்ற காற்று கெட்ட காற்று, இறங்கினவன் ஏறமாட்டான். பூட்டிப்போன அரிசி ஆலையில் இருந்து காற்றடிக்கிற ஒரு புளோவரைக் கொண்டுவந்து, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பட்டி கொழுவி ஓடவிட்டு, ஒரு குழாயால் கிணற்றடிக்கு நல்ல காற்றை அனுப்பலாம் என்று அப்பா யோசித்தார். இயந்திரப் புகை கிணற்றுக்குள் போகக்கூடாது என்பதால் அதைத் தள்ளித்தான் வைக்க வேண்டும், ஆகவே குழாய் நீளமாக வேண்டும். குழாய் தைக்கிற வேலை எனக்கு. இடம்பெயர்ந்திருந்தபோது கூடாரம் அடிக்க எங்களுக்குக் கொடுத்த தறப்பாள் அப்படியே இருந்தது. "அகலமாய்த் தை, பிள்ளை ஒண்டு உள்ளை தவழ்ந்து போகக்கூடிய அளவு," என்று அப்பா சொன்னார். எனக்குச் சீலை வெட்டுவதில் ஒருவரும் புத்தி சொல்லக்கூடாது. தறப்பாளை நீளவாட்டில் இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதியில் குழாய், மறு பாதி ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரை. எவ்வளவு கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அதோடு நின்றேனா? பள்ளிக்கூடச் சீருடையும் கல்யாணச் சட்டையும் தைத்த கை. தையல் விளிம்பு வெளியில் தெரிவது எனக்கு மானக்கேடு. துண்டு துண்டாகப் பொருத்திய இடமெல்லாம் விளிம்பை உள்ளுக்குள் மடித்து, சுருக்கு எல்லாம் உள்பக்கம் போகும்படி தைத்தேன். வெளியால் பார்த்தால் ஒரு பிசிர் இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் தடவித் தடவிப் புகழ்ந்தார்கள். அப்பா ஒருவர்தான் "ஒடுக்கமாய்க் கிடக்குதே" என்றார். "உங்களுக்கு எதிலையும் குறைதான்," என்று வாயை அடைத்துவிட்டேன்.

முதல் நாள் வேலைக்கு நானும் போனேன். என் குழாய் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும், நாலு பேர் புகழ்வதைக் கேட்க வேண்டும், வேறு என்ன. அப்பாவோடு கிணற்றுக்குள் இறங்குகிற ஆள் கணேசண்ணை. எங்கள் ஒழுங்கையில் நாலாவது வீடு, வெள்ளிக்கிழமை விரதக்காரர், சுருட்டுக்கூடப் பிடிக்காத மனிதர். இயந்திரத்தை ஓடவிட்டதும் புளோவரடியில் குழாய் பொம்மென்று ஊதி எழும்பியது. கையை வைத்துப் பார்த்தேன், அங்கே நல்ல காற்று. குழாய் கிணற்றுக்கட்டில் ஏறி மடிந்து இறங்குகிற இடத்தில் நசிந்து கிடந்ததை நான் பார்க்கவில்லை. வழக்கப்படி ஒரு குப்பி விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். விளக்கு எரிந்தால் ஆள் இறங்கலாம், அணைந்தால் இறங்கக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். விளக்கு அடியை நெருங்கியதும் அணைந்துபோனது. கணேசண்ணை அப்பாவைப் பார்த்தார், அப்பா கிணற்றைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டு சொன்னேன்:

"என்ரை குழாய்க் காத்தாக்கும் ஊதி அணைச்சது!"

எல்லாரும் சிரித்தார்கள். கணேசண்ணையும் சிரித்தார். "தங்கச்சி தைச்சதெண்டால் அப்பிடித்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு இறங்கினார். இறங்கி இரண்டு நிமிஷம் இருக்காது, கயிறு தளர்ந்துவிட்டது. இடுப்பில் கயிறு கட்டியிருந்தபடியால் இழுத்து எடுத்தார்கள். உதடெல்லாம் நீலம். உயிர் இருந்தது. ஆனால் பழைய கணேசண்ணையை அந்தக் கிணற்றுக்குள் இருந்து ஒருவரும் எடுக்கவில்லை. வலது கை நடுங்கும், சொல் தடக்கும், பெயர்கள் மறந்துபோகும். அதற்குப் பிறகு அவர் ஒரு வேலைக்கும் போகவில்லை.

நீ அப்போது கம்பஸில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்தாய். மறுநாள் முற்றத்தில் கிடந்த குழாயைக் கையை விட்டுப் புரட்டினாய். "அம்மா, காத்து எந்தப் பக்கத்தாலை போகும்? உள்பக்கத்தாலை. நீங்கள் நல்ல பக்கத்தை வெளியிலை வைச்சு, கெட்ட பக்கத்தைக் காத்துக்கு விட்டிருக்கிறியள். ஒவ்வொரு மடிப்பிலையும் காத்து முட்டி முட்டி நிண்டுதான் போகும்," என்றாய். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாய். குழாயின் குறுக்களவைப் பாதியாக்கினால், அதே அளவு காற்றைத் தள்ளுவதற்கு முப்பத்திரண்டு மடங்கு பலமாகத் தள்ள வேண்டுமாம். நீளம் கூடினால் தடை கூடும், வளைவு ஒவ்வொன்றும் தடை, மடிப்பு ஒவ்வொன்றும் தடை, ஓட்டை இருந்தால் போகிற காற்றும் வழியிலேயே போய்விடும். "புளோவரடியிலை கையை வைச்சுப் பாக்கிறதிலை ஒரு பிரயோசனமும் இல்லை அம்மா. கடைசி முனையிலை என்ன வருது எண்டதுதான் காத்து," என்றாய். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு அது ஒரே தரத்தில் விளங்கியது. இன்றைக்கும் மறக்கவில்லை. பட்டம் வாங்கிய நீதான் மறந்துவிட்டாய்.

நீ மறக்காமல் வைத்திருப்பது அதற்கு அடுத்த கிழமை நான் செய்ததை. ஊரில் கேள்வி வரத் தொடங்கியது. விளக்கு அணைந்த பிறகும் ஏன் இறக்கினீர்கள் என்று ஆள்மாறி ஆள் கேட்டார்கள். கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசையில் ஒருத்தி எல்லார் முன்னாலும் கேட்டாள். நான் குரலைத் தாழ்த்தி, ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்கிறவள் போல, "அவர் காலமையே கள்ளுப் போட்டிட்டு வந்தவர், ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ," என்றேன். ஆரிட்டையும் சொல்லாதே என்றால் அது எவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்கு ஒரு தடையும் இருக்கவில்லை, கடைசி முனைவரை அப்படியே போய்ச் சேர்ந்தது. கிணற்று வேலைக்காரன் குடித்தான் என்று சொன்னால் நம்புவதற்கு ஊருக்கு இரண்டாவது சாட்சி தேவையில்லை. உனக்கும் தேவையில்லை என்று இப்போது தெரிகிறது. கொந்தராத்துக்காரனின் ஆள் சொல்லுக் கேட்கமாட்டான். எவ்வளவு சுகமான வசனம்!

அன்றைக்கு நீ என்னைக் கேட்டாய், "ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?" என்று. "அப்பாவைச் சனம் குறை சொல்லக்கூடாது எண்டுதான். உனக்கு உது விளங்காது, போய்ப் படி," என்றேன். போய்ப் படித்தாய். அப்பா அந்தப் புளோவரைத் திரும்பத் தொடவே இல்லை. சாகும்வரை இதைப் பற்றி ஒரே ஒரு தரம்தான் கதைத்தார்: "நீ ஒடுக்கமாய்த் தைச்சதை மன்னிக்கலாம். மற்றதை என்னாலை ஏலாது." நான் அவரோடு இரண்டு நாள் கோபித்துக்கொண்டிருந்தேன். என் எடுப்பைப் பார்.

கணேசண்ணையின் மூத்த மகளுக்குக் கொடிகாமத்தில் ஒரு இடம் பொருந்தி, நாள் வைக்கிற அளவுக்கு வந்திருந்தது. என் பேச்சு அங்கேயும் போனது. குடிகாரனின் மகள் வேண்டாம் என்று அவர்கள் விலகிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் சரிவரவில்லை. இப்போது நெல்லியடியில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன் நீ வந்து கல்யாண வேட்டி எடுத்தாயே, பதினொரு வேட்டியை விரித்துக் காட்டி, நீ மூக்கைச் சுளித்த ஒவ்வொன்றையும் பேசாமல் மடித்து வைத்தாளே, அவள்தான். நீ அவளை அடையாளம் காணவில்லை. அவள் உன்னைக் கண்டுகொண்டாள். நான் அங்கே நின்று கரையின் நிறத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு முன்னால் நிற்க எனக்குக் கால் கூசவில்லை என்பதை உனக்கு ஒளிக்காமல் எழுதுகிறேன். இத்தனை வருஷத்தில் அப்படிப் பழகிப்போயிருந்தது. நீயும் பழகிவிடுவாய். அதுதான் எனக்குப் பயம்.

உன் தொலைபேசியை வைத்த மறுநாள் கணேசண்ணை வீட்டுக்குப் போனேன். நாலு வீடு தள்ளி நடப்பதற்கு இவ்வளவு வருஷம். அவரின் மனுசி பவளமக்கா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தா. கணேசண்ணை உள்ளே கட்டிலில். நான் நின்றபடியே சொன்னேன், குழாயைப் பற்றி, விளக்கைப் பற்றி, கள்ளைப் பற்றி. பவளமக்கா மிளகாயைத் துழாவிக்கொண்டே கேட்டா. அழுவா, திட்டுவா, மண்ணை அள்ளி எறிவா என்று என்னை ஆயத்தப்படுத்திக்கொண்டு போயிருந்தேன்.

"இதைச் சொல்லவோ வந்தனீர்? அவர் குடிக்கிறேல்லை எண்டு எனக்குத் தெரியாதே? அவரோடை படுத்தெழும்பினவள் நான். ஆர் சொன்னது எண்டும் அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் அக்கா என்னைக் கேக்கேல்லை?"

"உம்மைக் கேட்டு? நீர் இன்னொண்டு சொல்லுவீர். எனக்குச் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. சங்கக்கடையிலைதானே சொன்னனீர், அங்கை போய்ச் சொல்லும்."

அவ்வளவுதான். தேத்தண்ணி குடியும் என்றுகூடக் கேட்கவில்லை. என்னை ஒரு பொருட்டாக மதித்துக் கோபிக்கவும் இல்லை. அடுத்த நாள் காலை சங்கக்கடைக்குப் போய், சனம் நிற்கிற நேரமாகப் பார்த்துச் சொன்னேன். கணேசண்ணை குடிக்கவில்லை, அது நான் கட்டிய கதை, குழாயும் பிழை, விளக்கைப் பற்றிச் சொன்னதும் பிழை. ஒருத்தி தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முகாமையாளர், "அம்மாவுக்கு வெயில் ஒத்துவரேல்லைப் போலை, இருங்கோ," என்று கதிரை எடுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை, இரண்டாம் தரமும் சொன்னேன். ஊருக்கு அந்தப் பொய் வேண்டியிருந்தது, இந்த உண்மை வேண்டியிருக்கவில்லை. பிந்தி வருகிற உண்மைக்கு மதிப்பு அவ்வளவுதான். கொடிகாமத்துக்காரர் இனித் திரும்பி வரப்போவதில்லை. ஆனபடியால் நீயும் பிறகு பார்க்கலாம் என்று நினைக்காதே. பிறகு என்று ஒன்று இல்லை.

திங்கட்கிழமைக்கு முதல் நீ செய்ய வேண்டியது இது. கதிரையை விட்டு எழும்பு. விசிறியடியில் இருந்து கடைசி முனைவரை அந்தக் குழாயோடு நட. கிழிசலையும் ஒட்டுப்போட்ட இடத்தையும் தொங்கலையும் வளைவையும் உன் கண்ணால் பார்த்து எழுது. முனையில் நின்று காற்றை அள. என்ன வருகிறதோ அதை எழுது. உன் புத்தகத்து எண்ணைப் போட்டதும் இரண்டு மாதமாக அந்தப் பக்கம் போகாததும் நீதான் என்றும் எழுது. உன் வேலை போகலாம். போகட்டும், நீ வேலை செய்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. நீ எழுதாவிட்டால், விழுந்து கிடக்கிறவன் எழும்பி வந்தாலும் புத்தியில்லாமல் சாகப் பார்த்தவன் என்ற பெயரோடுதான் வருவான். ஒருவரும் அவனுக்குத் திரும்ப வேலை கொடுக்கமாட்டார்கள். அவன் வீட்டில் அவனை நம்பி எத்தனை பேர் என்று உனக்குத் தெரியுமா? கணேசண்ணை வீட்டில் நாலு பேர்.

இவ்வளவையும் நேற்று எழுதி முடித்துவிட்டு, இன்றைக்குக் காலை பேருந்து ஏறி யாழ்ப்பாணம் போனேன். நீ கட்டப்போகிற பிள்ளை வேலை செய்யும் கந்தோருக்குத்தான். ஒரு பெண்ணின் கல்யாணத்தை என் பொய் கெடுத்தது. இன்னொரு பெண், விஷயம் தெரியாமல் வந்து என் வீட்டில் விளக்கேற்ற நான் விடமாட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், வெளியில் கிடந்த மர வாங்கில் என் பக்கத்தில் இருந்து இந்தக் கடிதத்தை முழுவதும் வாசித்தாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. வாசித்து முடித்து, தாள்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் தந்தாள்.

"என்னட்டை அவர் ஒண்டும் சொல்லேல்லை, மாமி. விசாரணைக்குக் குடுக்கிற அறிக்கையை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கோ. வாசிச்சுப்போட்டுத்தான் நான் கூறைச்சீலை எடுக்கப் போவன்."

அனுப்பு. அந்தப் பிள்ளைக்கு இங்கிலீசும் தெரியும், கணக்கும் தெரியும்.

அம்மா